நான்காம் ஓலை

மே மாதத்தில் மூன்று ஞாயிறும் அந்த அறிவிப்பை வாசித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி பலரைத் திட்டப்போகிறேன். அப்போது யாரும் குறுக்கே வந்து, "நீதானே வாசிச்ச?" என்று கேட்கக் கூடாது.

எங்கள் ஊர் சவேரியார் பள்ளம். கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் போகிற ரோட்டில் பாதியில் பிரிகிற சின்ன ரோட்டில் போனால் வரும். நாற்பது வீடுகள், ஒரு கோயில், தலைக்கு மேலே மலை. முக்கால்வாசிப் பேர் கெஸ்ட் ஹவுஸ்களில் வேலை செய்கிறவர்கள். நான் மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்போது அறிவிப்புகளை வாசிப்பதும் என் பொறுப்பு. பதினான்கு வருடமாக வாசிக்கிறேன். அனிட்டா வாசித்தால் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் என்பார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போது அந்தக் கர்வத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அறிவிப்புகளில் முக்கியமானது ஓலை. எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னார், இது முதலாம் ஓலை, இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை, அதற்கடுத்து மூன்றாம் ஓலை. தடை தெரிவிக்கலாம்தான், ஆனால் யாரும் தெரிவிப்பதில்லை. என் பதினான்கு வருடத்தில் ஒரே ஒருத்தி போய் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று ஃபாதரிடம் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. ஆனாலும் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அவள் ஊரை விட்டே போனாள். மூன்று ஓலை முடிந்தால் பந்தல்காரனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். எங்கள் ஊரில் அதுதான் அர்த்தம்.

மே மாதம் முதல் வாரம் ராஜேஷ்குமார் என்ற அதிகாரி ஒரு காகிதக் கட்டோடு வந்தார். எங்கள் ஊருக்கு நேர் மேலே மலையை வெட்டி ரிசார்ட் கட்டப்போகிறார்கள், நாற்பத்திரண்டு அறைகள். சரிவைப் பற்றி ஆய்வு நடந்திருக்கிறது, அதை மக்களுக்குத் தெரிவித்து ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது விதி. இருபத்தோரு நாள். அதாவது மூன்று ஞாயிறு. கோயிலில் வாசித்தால் எல்லோர் காதுக்கும் போய்விடும், எவ்வளவு நல்ல யோசனை என்று ஃபாதர் ஸ்டீவனிடம் அவர் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். ஃபாதர் மிகவும் நல்லவர், வெளியூர்க்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காகிதத்தை என்னிடம் கொடுத்து, "வாசிச்சிடுங்க அனிட்டா" என்றார்.

நான்கு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். முக்கியமான வரிகள் இவை. "உத்தேசிக்கப்பட்ட கட்டுமானப் பகுதியின் கீழ்ச்சரிவானது இயல்பு நிலையில் போதிய உறுதித்தன்மை கொண்டுள்ளது. நூறாண்டு மீள்நிகழ்வு கொண்ட மழைப்பொழிவின்போது சரிவு நிகழ்வதற்கான வாய்ப்பு குறைந்த அளவிலிருந்து மிதமான அளவு வரை மதிப்பிடப்படுகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தோரு நாட்களுக்குள் தெரிவிக்கவும்." இந்தத் தமிழை எழுதியவனை எதிரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன். உன் அம்மாவிடம் இப்படித்தான் பேசுவாயா? உன் வீட்டுக் கூரை ஒழுகினால் உறுதித்தன்மை என்றா சொல்வாய்?

நானும் சும்மா இல்லை. அந்தக் கரடுமுரடான வாக்கியங்களை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று வீட்டில் இரண்டு முறை வாசித்துப் பழகிக்கொண்டு போனேன். புரியாத ஒன்றை எவ்வளவு அழகாக வாசித்தேன் தெரியுமா? பைபிளில் பவுல் நிருபம் வாசிக்கிற மாதிரி இருந்தது என்று ஒருவர் பாராட்டினார்.

கடைசிப் பக்கத்தின் தலையில் பென்சிலால் எழுதியிருந்தது: "இணைப்பு. வாசிக்க வேண்டாம்." நான் வாசிக்கவில்லை. புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதே மூன்று ஞாயிறும் எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவர் செபாஸ்டின் அண்ணனுடைய மகள் சுஜிதாவுக்கும் ஓலை ஓடியது. முதலில் சுஜிதா ஓலை, பின்னாலேயே மலை அறிவிப்பு. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் பேசிக்கொண்டு போனது இன்னும் காதில் இருக்கிறது.

"சுஜிதாவுக்கு மூணும் முடிஞ்சுபோச்சு."

"ரிசார்ட்டுக்கும் மூணு முடிஞ்சுபோச்சுல்ல. இனி ஒண்ணும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன். ஒருவர்கூட ஆட்சேபணை சொல்லவில்லை. ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று ராஜேஷ்குமார் அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். சுஜிதாவுக்கு ஜூனில் கல்யாணம் நடந்தது. ஜூலையில் மேலே பொக்லைன் ஏறியது. மாப்பிள்ளை மனோஜ்குமாருக்கு அங்கேயே சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது கித்தேரியக்கா வந்து நின்றாள். கித்தேரியம்மாள் என்பது முழுப் பெயர். புருஷன் இல்லை, மகளைப் பாச்சலூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பெட்ஷீட் துவைக்கிற வேலை. அவள் வீடுதான் ஊரின் மேல்கோடியில் இருக்கிற கடைசி வீடு. அதற்கு மேலே மலைதான்.

"ஏ அனிட்டா, செத்த வந்து பாத்துட்டுப் போ. வீடு வாயப் பொளந்துகிட்டு கெடக்கு."

போய்ப் பார்த்தேன். அடுப்படித் தரையில் குறுக்கே ஒரு விரிசல். என் சுண்டுவிரல் உள்ளே போனது. பின்கதவு சட்டத்தோடு கோணிப்போய் மூடவே இல்லை.

"போன வாரம் தீக்குச்சிதான் போச்சு. இந்த வாரம் உன் விரலே போகுது பாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீதான வாசிச்ச? ஒண்ணும் இல்லன்னுதான வாசிச்ச?"

"ஒண்ணும் இல்லன்னு வாசிக்கலக்கா."

"பொறவு என்ன வாசிச்ச?"

வாயைத் திறந்தேன். மூன்று ஞாயிறு கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி வாசித்தவளுக்கு, என்ன வாசித்தேன் என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்ல வரவில்லை. பள்ளிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. முதலில் அவள்மேல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மனுஷ புத்தி அப்படித்தான்.

அன்றைக்கே கோயிலில் பூசைச் சாமான்கள் வைக்கிற அறையிலிருந்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு பள்ளியில் கணக்கு வாத்தியார் எல்வினிடம் போனேன். நூறாண்டு மழை என்றால் என்ன என்று கேட்டேன்.

"நூறு வருஷத்துக்கு ஒருக்கா வரும்னு அர்த்தம் இல்ல டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆனாலும் அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு பையில நூறு சீட்டு. ஒண்ணு சிவப்பு. வருஷா வருஷம் ஒரு சீட்டு எடுக்கணும், பாத்துட்டுத் திருப்பிப் பைக்குள்ளயே போட்டுறணும். இந்த வருஷம் சிவப்பு வந்தா அடுத்த வருஷமும் வரலாம். முப்பது வருஷம் அங்கயே குடியிருந்தா, ஒரு தடவையாவது சிவப்பு வர நாலுல ஒரு பங்குக்கு மேலயே சான்ஸ் இருக்கு."

எங்கள் ஊரில் எல்லோரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். கஜா புயல் அடித்ததே, அதுதான் நூறு வருஷ மழை, அது வந்துவிட்டுப் போய்விட்டது, இனி நம் காலத்தில் வராது என்று செபாஸ்டின் அண்ணன் கோயில் வாசலில் நின்று விளக்கமே கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

பிறகு எல்வின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அதில் ஒரு வரைபடம். மலைச்சரிவில் சிவப்பு அடித்து, அந்தச் சிவப்புக்குள் பதினோரு கட்டங்கள். பதினோரு வீடுகள். முதல் கட்டம் கித்தேரியக்கா வீடு, ஆறாவது செபாஸ்டின் அண்ணன் வீடு. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: மலையை வெட்டிய பிறகு சரிவு எவ்வளவு மழையைத் தாங்கும் என்பது மதிப்பிடப்படவில்லை.

"அப்படின்னா?"

"அப்படின்னா தெரியாதுன்னு அர்த்தம். வெட்டாத மலைக்குத்தான் நூறு சீட்டு. வெட்டுன மலைக்குப் பையில எத்தன சீட்டுன்னே அவங்களுக்குத் தெரியாது."

அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசிக்க வேண்டாம். எழுதியவனுக்கு எவ்வளவு திமிர்! வாசிக்காமல் விட்டவளுக்கு எவ்வளவு பணிவு!

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைப்பாதையில் சரிகிற இடத்தில் இங்கிலீஷில் ஒரு போர்டு நட்டார்கள். எங்கள் ஊரில் அதைப் படிக்கிறவர் யாரும் இல்லை. பிறகு தமிழில் நட்டார்கள், முழுக்க மீட்டரும் டிகிரியும். பிறகு வகுப்பு நடத்தினார்கள். இப்போது கூட்டம் போட்டு டீ கொடுக்கிறார்கள், அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர். நாங்கள் பங்கேற்பதெல்லாம் டீயில்தான். மலை யாருடைய தலைமேல் இருக்கிறதோ அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

விரிசலைப் பற்றிக் கித்தேரியக்கா மனு கொடுத்திருந்தாள். அதற்குப் பதில் என்று செப்டம்பரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. பங்கு மன்றத்தில் நாற்காலி, மைக், சுண்டல், டீ. ராஜேஷ்குமார் வந்தார். சென்னையிலிருந்து ஒரு நிபுணரும் வந்தார். திரையில் படங்கள் ஓடின.

நிபுணர் சிரித்த முகத்தோடு பேசினார். "உங்கள்ல எத்தனை பேரு பைக்ல வத்தலக்குண்டுக்குப் போறீங்க? கை தூக்குங்க." பாதி கைகள் எழுந்தன. "அந்த ரோட்டுல போறதுல இருக்கிற ஆபத்து இதைவிட அதிகம். அதுக்கு நீங்க பயப்படலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"பைக்ல போறது நாங்களா போறதுங்க. வேணாம்னா பஸ்ஸுல போவோம். இந்த மலைய எங்க தலைக்கு மேல வெட்டுங்கன்னு நாங்களா கேட்டோம்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ராஜேஷ்குமார்தான் பதில் சொன்னார். "முறைப்படி மூணு வாரம் அறிவிப்பு கொடுத்திருக்கோம் மேடம். ஒரு ஆட்சேபணைகூட வரல. ஃபைல்ல இருக்கு." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார், ஆனால் மைக் கையில் இருந்தது. "நீங்கதானே வாசிச்சீங்க?"

மன்றம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. கடைசிப் பக்கத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அதை நீ ஏன் வாசிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது செபாஸ்டின் அண்ணன் வழியை மறித்தார்.

"ஏம்மா அனிட்டா, மூணு ஓலை முடிஞ்சு தாலி கட்டுன பொறவு வந்து தடை சொல்லுவாகளா? என் மருமகன் சோலிக்கு உலை வைக்கணும்னே கெளம்பிட்டியா?"

"மலை விழுந்தா உங்க வீடும் போகுற எடத்துலதாண்ணே கெடக்கு."

"என் வீட்டப் பத்தி எனக்குத் தெரியும். நீ உன் சோலியப் பாரு."

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் வழக்கம்போல மைக்குக்குப் போனேன். நற்செய்திக் கூட்டம், மாதா தேருக்குப் பூ, ஞானஸ்நான வகுப்பு எல்லாம் வாசித்தேன். பிறகு என் காகிதத்தை எடுத்தேன். ஃபாதருக்குத் தெரியாது.

"சவேரியார் பள்ளம் மலைச்சரிவைப் பற்றிய நான்காம் ஓலை" என்றேன்.

கோயிலில் ஒரு சலசலப்பு. நான்காம் ஓலை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நான் நிறுத்தவில்லை. "காலஞ்சென்ற அந்தோணியின் மனைவி கித்தேரியம்மாள் வீடு. மலை விழுந்தால் முதலில் போகும் வீடு இது." அப்படிப் பதினோரு வீட்டையும், தகப்பன் பெயர், பிள்ளைகள் பெயர் சொல்லி வாசித்தேன். ஆறாவதாகச் செபாஸ்டின் அண்ணன் வீட்டையும், வீட்டோடு மாப்பிள்ளையையும், மூன்று மாதம் முழுகாமல் இருக்கிற சுஜிதாவையும் வாசித்தேன். பெஞ்சில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். என் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அந்தக் குரல் இருக்கிறதே, அது எதை வேண்டுமானாலும் நம்பும்படி வாசிக்கும்.

முடிக்கும்போது சொன்னேன். "இந்த ஐப்பசி மழைக்கு மலை விழும்."

அது பொய். காகிதத்தில் விழும் என்று இல்லை. தெரியாது என்றுதான் இருந்தது. ஆனால் தெரியாது என்றால் யார் வீட்டை விட்டு எழுந்திருப்பார்கள்? விழும் என்றால்தான் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். தெரியாது என்ற வரியைச் சொல்லப்போனால் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் மறைத்தேன். அவர்கள் ஆபத்து இல்லை என்ற மாதிரி எழுதினார்கள், நான் ஆபத்து வந்தே தீரும் என்று வாசித்தேன். ஆக ஊர்க்காரர்களைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி நடத்தியதில் எனக்கும் அந்த ராஜேஷ்குமாருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, இனி அறிவிப்பு வாசிக்க வேண்டாம் என்றார். ஆனால் அவர்தான் மிஷன் பள்ளியின் பழைய போர்டிங் கட்டிடத்தைத் திறந்துவிட்டார். பத்து வீட்டுக்காரர்கள் பாத்திரம் பண்டத்தோடு அங்கேயும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போனார்கள். கித்தேரியக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் பாச்சலூருக்குப் போனாள். செபாஸ்டின் அண்ணன் மட்டும் அசையவில்லை.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. மலை விழவில்லை.

ஒரு வாரம் விடாமல் பெய்தது. மேலே பொக்லைன் நின்றது, மழை வெறித்ததும் மறுபடி ஓடியது. மலை அப்படியே நின்றது. போர்டிங் கட்டிடத்தில் ஒரே ஒரு கக்கூஸுக்கு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எதிரில் என்னைப் பார்த்தால், "என்ன அனிட்டா, மலை எப்ப வருது? பஸ்ஸ விட்டுருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். செபாஸ்டின் அண்ணன் கேட்டால் பரவாயில்லை, பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்கூடக் கேட்டது. ஒவ்வொரு குடும்பமாகச் சிவப்புக்குள் திரும்பிப் போனது. இனி யார் வந்து என்ன சொன்னாலும் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதைச் செய்தவள் நான்.

நவம்பரில் இரண்டாவது மழை பிடித்தது. ஒரு மத்தியானம் குடையோடு ரோட்டில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழேன், என்று என் வாய் முணுமுணுத்தது. கொஞ்சமாவது விழேன், ஒரு பாறையாவது உருளேன், நான் சொன்னது சரி என்று இவர்களுக்குத் தெரியட்டும். அந்த நேரத்தில் சுஜிதா தன் வீட்டு வாசலுக்கு வந்து, நனைகிற துணியைக் கொடியிலிருந்து உருவினாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியின் தலையில் மலை விழ வேண்டும் என்று நிற்கிற பெண்பிள்ளையாக என்னை ஆக்கிவிட்டார்களே என்று அழுகை வந்தது. ஆக்கியது அவர்கள் மட்டும்தானா என்றும் தெரியவில்லை.

அப்போதுதான் ரோட்டில் மினி பஸ் நின்று கித்தேரியக்கா இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி, தலையில் பிளாஸ்டிக் சாக்கு. நேராக என்னிடம் வந்தாள்.

"மருமகன் வீட்டுல எத்தன நாளைக்கு இருப்பேன்? அவன் வெள்ளனே எந்திரிச்சா என் மூஞ்சியப் பாத்துத்தான் கோவப்படுறான்" என்றாள். "சோலியும் போச்சு. வேற ஒருத்திய வச்சுக்கிட்டாகளாம். வீட்டுக்குப் போறேன். அதுக்கு முந்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். விழும்னு சொல்லு, இப்பிடியே திரும்பிப் போறேன். விழாதுன்னு சொல்லு, மேல போறேன். ரெண்டுல ஒண்ணச் சொல்லு. சுத்தி வளைக்காத."

மழை குடையில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முறை புரியாததைச் சொல்லியாகிவிட்டது. ஒரு முறை பொய்யும் சொல்லியாகிவிட்டது.

"தெரியாதுக்கா" என்றேன்.

"என்ன தெரியாது?"

"விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு விழும்னு வாசிச்சது பொய். அந்த ஆபீஸ்காரவுகளுக்கும் தெரியாது. வெட்டுன பொறவு மலை எம்புட்டு மழைக்குத் தாங்கும்னு அவுக அளக்கவே இல்ல. அளக்கலன்னு காகிதத்துலயே எழுதியிருக்கு."

"எந்தக் காகிதத்துல?"

"நான் வாசிச்ச காகிதத்துல. கடைசிப் பக்கம். அத மட்டும் வாசிக்க வேணாம்னு எழுதியிருந்துச்சு. நானும் வாசிக்கல."

"மே மாசத்துலயேவா?"

"மே மாசத்துலயே."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியாது" என்று ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் ஏறியது. "அடி பாவி மகளே! இந்த ஒத்த வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? விழும்னா பயந்து ஓடிருவேன். விழாதுன்னா கும்பிட்டுட்டுப் படுத்துருவேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தா, தெரியாம எதுக்குடா என் தலைக்கு மேல வெட்டுறேன்னு கேட்டிருப்பேன்ல? கோயில்னும் பாக்காம அங்கனயே எந்திரிச்சுக் கேட்டிருப்பேன்ல? என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இந்த ஊருக்கே தெரியும். தண்ணிக் குழாய் ஒரு நாள் வரவில்லை என்றால் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்துகிறவள் அவள். மூன்று ஞாயிறும் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து நான் வாசித்ததைக் கேட்டவள் அவள்தான்.

அவள் சாக்கை இறக்கி என் கையில் திணித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கமும் போகவில்லை, மினி பஸ் பக்கமும் போகவில்லை. ரிசார்ட்டுக்கு ஏறுகிற புது மண் ரோட்டில் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ரோட்டின் நடுவில் சேற்றிலேயே பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். முட்டியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

மேலேயிருந்து மண் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றது. ஹாரன் அடித்தது. பக்கத்து சீட்டிலிருந்து மனோஜ்குமார் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது? வெரசா எந்திரிங்க. லோடு நிக்குது."

"எனக்கு ஆட்சேபண இருக்கு" என்றாள் கித்தேரியக்கா.

"அதெல்லாம் மே மாசத்தோட முடிஞ்சுபோச்சுக்கா."

"மே மாசம் எனக்குச் சொல்லல. இப்பத்தான் சொன்னா. எனக்கு இன்னைலருந்து இருபத்தோரு நாளு."

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. கீழே வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கித்தேரியக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கால்வாசி இடம் இருந்தது. உட்கார் என்று அவள் சொல்லவில்லை. நான் குடையை மடக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.